பச்சை மட்டையில் கை வைக்காதீர்கள்

புரட்டாசி பிறந்துவிட்டால் நாளிதழ்களின் மாவட்டப் பக்கங்களில் ஒரே மாதிரிப் படம் வரத் தொடங்கிவிடும். ஏரிக்கரையோ கண்மாய்க்கரையோ, வரிசையாகப் பள்ளிப் பிள்ளைகள், ஆளுக்கொரு பனங்கொட்டை, நடுவில் மண்வெட்டியோடு ஓர் அதிகாரி. இந்த வாரமும் வந்தது. அந்தப் படத்தைப் பார்த்துச் சலித்துக்கொள்கிறவர்கள் உண்டு. எனக்கு ஒவ்வொரு முறையும் சந்தோஷம்தான். பழம் விழுகிற ஆவணி, புரட்டாசியில் ஊன்றினால்தான் பின்னாலேயே வருகிற ஐப்பசி மழை விதையைப் பார்த்துக்கொள்ளும். 2021-ல் தமிழ்நாட்டின் முதல் வேளாண் நிதிநிலை அறிக்கையில் 76 லட்சம் பனை விதைகளும் ஒரு லட்சம் கன்றுகளும் வழங்கப்படும் என்று அறிவித்தார்கள். பனையை வெட்டுவதற்கு மாவட்ட ஆட்சியரின் அனுமதி வேண்டும் என்பதும் அப்போது வந்த அறிவிப்புதான். அன்றைக்கு இந்தப் பக்கத்தில் நான் எழுதியது பழைய வாசகர்களுக்கு நினைவிருக்கும்.

ஆகவே இந்த வாரம் வீட்டுத் தோட்டத்தில் பனை வைப்பது பற்றி எழுதலாம் என்று இருந்தேன். சொல்ல வேண்டியது ஒன்றே ஒன்றுதான்: எந்த இடத்தில் மரம் நிற்க வேண்டுமோ அந்த இடத்திலேயே விதையை ஊன்றுங்கள். கிழங்குக்காகக் கொட்டையைப் பாத்தியில் அடுக்குகிறவர்களுக்கு இதன் காரணம் தெரியும். பனங்கொட்டை முளைக்கும்போது முதலில் மேலே எதுவும் வருவதில்லை. வெள்ளையாக, விரல் தடிமனில் ஒரு குழாய் புறப்பட்டு நேரே மண்ணுக்குள் இறங்குகிறது. கருவைத் தன் நுனியில் சுமந்துகொண்டு போகிறது. ஆழத்தில் போய் நிலைத்த பிறகுதான் அங்கிருந்து வேர் கீழேயும் குருத்து மேலேயும் கிளம்பும். தையில் நாம் அவித்துத் தின்கிற கிழங்கு, மாவு சேர்த்துப் பருத்த அந்த இளங்குருத்துதான். இப்படி வேரை ஆழத்தில் போட்டுவிட்ட ஒன்றைப் பிறகு தோண்டி வேறிடத்தில் வைத்தால் பெரும்பாலும் பிழைப்பதில்லை. மரத்துக்கு மரம் பத்தடி இடைவெளி விட்டு, ஓரடிக் குழியில் விதையை வைத்து மூடிவிட்டால் வேலை முடிந்தது. ஆணா பெண்ணா என்பது பாளை வரும்போதுதான் தெரியும். அதற்குப் பன்னிரண்டு, பதினைந்து வருஷம் ஆகும், கூடவும் ஆகலாம். பொறுமை இருப்பவர்கள் ஒன்றுக்கு நாலாக ஊன்றலாம்.

இவ்வளவு எழுதி வைத்திருந்த வேளையில் ஒரு வாசகியிடமிருந்து மூன்று படங்களோடு கடிதம் வந்தது. அதைப் படித்ததிலிருந்து மனசு ஆறவில்லை. பனை விதையை விட்டுவிட்டு அதைத்தான் எழுதப்போகிறேன்.

புதுமனைப் புகுவிழாவின்போது வாசலின் இரண்டு பக்கமும் வைத்த அலங்காரப் பனைகள். நன்றாக வளர்ந்து ஆளுயரத்தைத் தாண்டிவிட்டன. கீழ்மட்டைகள் ஓரம் கருகி மஞ்சளாகின்றன. தோட்ட வேலைக்கு வந்தவர், “எல்லாத்தையும் கழிச்சு உச்சியில நாலு மட்டை மட்டும் விட்டா மரம் ஜோராயிடும்மா” என்று சொல்லி ஒரு மரத்தைக் கழித்தும் விட்டார். இன்னொன்றைக் கழிக்க அடுத்த வாரம் வருகிறார். இது என்ன பனை, கழிக்க விடலாமா என்று கேட்கிறார் அந்த அம்மா. மூன்றாவது படத்தில் கழித்த மரம் இருந்தது. உச்சியில் நாலு பச்சை மட்டை செங்குத்தாக நிற்கிறது. சுற்றிலும் வெட்டுவாயிலிருந்து ஈரம் கசிகிறது.

முதல் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். அது நரிவால் பனை, நர்சரிகளில் ஃபாக்ஸ்டெயில் பாம் என்று கேட்டால் தருவார்கள். மட்டையின் நடுநரம்பைச் சுற்றி எல்லாப் பக்கமும் இலைக்கீற்றுகள் புறப்பட்டுப் புசுபுசுவென்று இருக்கும், நுனி கத்தரித்தது போலப் பிய்ந்திருக்கும். இப்போது நம் நகரங்களில் புது வீடுகளின் வாசலில் நிற்பதில் பாதி இதுதான். ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில் கேப் மெல்வில் என்ற பாறைக்காட்டுப் பகுதி மட்டுமே இதன் பிறந்த இடம். 1983-ல்தான் தாவரவியலில் இதற்குப் பெயர் வைத்தார்கள். அந்த நிலத்தின் பூர்வகுடி மனிதர் ஒருவரின் பெயரால் வோடியெட்டியா என்று வைத்தார்கள்.

பனைக் குடும்பத்தில் ஒன்றை அடையாளம் காண வேண்டுமென்றால் அண்ணாந்து உயரத்தைப் பார்ப்பதில் பயனில்லை. மட்டையைப் பார்க்க வேண்டும், அது தண்டோடு சேரும் இடத்தைப் பார்க்க வேண்டும். இதை எனக்குக் கற்றுக்கொடுத்தது எதல்பர்ட் பிளாட்டரின் புத்தகம். இந்தப் பத்தியில் அவர் பெயர் வருவது இது முதல் தடவை அல்ல, கடைசித் தடவையாகவும் இருக்காது. சுவிட்சர்லாந்தில் பிறந்து, இயேசு சபைத் துறவியாகி, பம்பாய் புனித சவேரியார் கல்லூரியில் தாவரவியல் சொல்லிக்கொடுத்தவர். அந்தக் கல்லூரியின் உலர்தாவரச் சேகரம் இன்றும் அவர் பெயரில்தான் இருக்கிறது. பிரிட்டிஷ் இந்தியாவிலும் இலங்கையிலும் உள்ள பனை இனங்களைப் பற்றிய அவருடைய புத்தகம் 1926-ல் வெளியானது. அதற்கு முன் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் இதழில் வருஷக்கணக்கில் தொடராக வந்தது. காட்டில் தானாக நிற்கும் மரங்களோடு நிறுத்திக்கொள்ளாமல், கடல் தாண்டித் தோட்டங்களுக்கு வந்து சேர்ந்தவற்றையும் சேர்த்தார் பாருங்கள், அதற்காகவே அவரைக் கும்பிடலாம். தண்டு, மட்டையின் அடி, காம்பு, கீற்று, பாளை, காய் என்று ஒவ்வொரு மரத்தையும் ஒரே வரிசையில் பார்த்துக்கொண்டு போவார். நாலு மரம் அவரோடு பார்த்தால் ஐந்தாவதை நாமே பார்க்கத் தொடங்கிவிடுவோம். அவர் 1934-ல் காலமானார், நரிவால் பனை அவர் புத்தகத்தில் இல்லை. ஆனால் அவர் பார்க்கச் சொன்ன வரிசையில் பார்த்தால் அதுவும் பிடிபட்டுவிடுகிறது.

விசிறி மாதிரி விரிந்த இலையென்றால் பனையோ, தாளிப்பனையோ, சீன விசிறிப்பனையோ. காம்பின் ஓரம் கறுத்து ரம்பமாக அறுத்தால் அது நம் பனை, கருக்கு என்று சொல்கிறோமே அதேதான். இறகு போல நீண்ட மட்டையென்றால் அடியைப் பார்க்க வேண்டும். கீழ்க்கீற்றுகள் முள்ளாக மாறிக் குத்தினால் ஈச்சை வகை. மட்டைகளின் அடிப்பகுதி ஒன்றையொன்று சுற்றிக்கொண்டு தண்டின் உச்சியில் வழவழவென்று பச்சைக் குழலாக நின்றால் பாக்கு, ராயல் பாம், நரிவால் இவற்றில் ஒன்று. ராயல் பாமின் தண்டு சிமெண்டு பூசியது போல வெளுத்திருக்கும், நடுவில் சில மரங்களுக்கு வயிறு தள்ளியிருக்கும். தூராக வெடித்து மஞ்சள் காம்போடு நின்றால் வரவேற்பறைத் தொட்டிகளில் நாம் பார்க்கும் மடகாஸ்கர் பனை. மட்டையே கிளைத்து மீன்வால் போன்ற கீற்றுகள் தொங்கினால் சந்தேகமே வேண்டாம், கூந்தல் பனை. அதன் பழத்தை வெறும் கையால் தொட வேண்டாம், அரிக்கும். அது உச்சியில் முதல் குலை தள்ளி, பிறகு ஒவ்வொன்றாகக் கீழே இறங்கி, கடைசிக் குலை முடிந்ததும் பட்டுப்போகும். அதன் இயல்பே அது, வளர்த்தவர்மேல் குற்றமில்லை. சேகோ பாம் என்று விற்கும் குட்டை மரம் பனையே அல்ல, சைகஸ். அதன் விதை நாய்க்கும் மனிதருக்கும் நஞ்சு, குழந்தைகள் உள்ள வீட்டில் கவனம் வேண்டும். இப்படி ஒரு கையேட்டைப் படங்களோடு தமிழில் போடுங்கள் என்று நம் வேளாண் பல்கலைக்கழகத்தை இந்தப் பத்தி வழியாகத் திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். இன்றும் கேட்கிறேன்.

அடையாளம் தெரிந்தால் என்ன பயன் என்கிறீர்களா? அரிவாளை எப்போது எடுப்பது என்பது அதில்தான் இருக்கிறது. பச்சைக் குழல் உள்ள வகைகள் தங்கள் மட்டையைத் தாங்களே கழற்றிப் போடுகிறவை. கல்யாண வீட்டில் நாம் சாப்பிடும் பாக்குமட்டைத் தட்டு எதிலிருந்து வருகிறது? தானாகக் கழன்று விழுந்த மட்டையின் அடிப்பாளையிலிருந்து. தோப்பில் ஆட்கள் அதைக் கீழிருந்துதான் பொறுக்குகிறார்கள். நரிவாலும் அப்படியே. வாசகியின் வாசலில் அந்த மட்டைகளைத் தொடவே வேண்டியிருக்கவில்லை.

மாமரத்தையும் வேம்பையும் கழித்துப் பழகிய கை பனையிலும் அதையே செய்கிறது. மாமரத்தில் ஒரு கிளையை வெட்டினால் நாலு கிளை வெடிக்கும், வெட்டுவாயைப் பட்டை மூடிக்கொள்ளும். பனைக் குடும்பத்து மரத்தில் இரண்டும் நடக்காது. பழைய ஓட்டு வீட்டில் பனஞ்சட்டத்தின் வெட்டுமுகத்தைப் பார்த்திருப்பீர்கள். வெளிவட்டத்தில் கறுத்த நார்கள் நெருக்கமாக வைரம் பாய்ந்து நிற்கும், உள்ளே போகப் போக நார் கலைந்து சோறாகிவிடும். வளையம் வளையமாகப் பருக்கும் அடுக்கு அதில் கிடையாது. அதனால் ஆணி அடித்த துளை, அரிவாள் பட்ட கொத்து, கம்பி இறுக்கிய தடம் எல்லாம் மரம் உள்ளவரை அப்படியே இருக்கும். தண்டில் இருக்கும் உயிரணுக்கள் புதிதாக மாற்றப்படுவதில்லை. நூறு வயதுப் பனையின் அடித்தண்டில், அது வடலியாக இருந்தபோது உண்டான அணுக்கள் இன்னும் உயிரோடு வேலை செய்கின்றன. வளர்வதற்கு உச்சியில் ஒரே ஒரு குருத்து. அது போனால் மரம் போயிற்று.

அந்தக் குருத்துக்குச் சோறு போடுவது கீழ்மட்டைகள். மண்ணில் பொட்டாஷ் சத்து குறைந்தால் மரம் தன் பழைய மட்டையிலிருந்து அதை உறிஞ்சிப் புதுக்குருத்துக்கு அனுப்பும். கீழ்மட்டை மஞ்சளும் செம்மையுமாகப் புள்ளி விழுந்து ஓரம் கருகுவது அதனால்தான். அசிங்கமாக இருக்கிறது என்று அதை வெட்டினால், பசி அதற்கு மேலுள்ள மட்டைக்கு ஏறும். அதையும் வெட்டினால் அடுத்ததற்கு. புளோரிடா பல்கலைக்கழகத்தின் டிமதி பிராஷட் 1994-ல் குட்டை ஈச்சையில் இதைச் செய்து பார்த்தே காட்டினார்: சத்துக்குறை மட்டைகளை வெட்டிய மரங்கள் இன்னும் வேகமாக நலிந்தன. அந்த அம்மாவின் மரம் கேட்டது பொட்டாஷ், கிடைத்தது அரிவாள்.

தென்னை வைத்திருப்பவர்களிடம் இதைச் சொல்ல வேண்டியதில்லை. மாதத்துக்கு ஒரு மட்டை, அதன் கக்கத்தில் ஒரு பாளை, முப்பதுக்குமேல் மட்டை நிற்கும் கொண்டை. மட்டை போனால் அதன்மேல் சாய்ந்திருக்கும் குலையும் தொங்கிப் போகும். வேளாண் பல்கலைக்கழகப் பரிந்துரையில் வளர்ந்த தென்னைக்கு வருஷத்துக்கு யூரியா 1.3 கிலோ, சூப்பர் 2 கிலோ, பொட்டாஷ் 2 கிலோ. இரண்டு தவணையாக, 50 கிலோ தொழுவுரத்தோடு. யூரியாவைவிடப் பொட்டாஷ் அதிகம் என்பதைக் கவனியுங்கள்.

இன்னொன்றும் இருக்கிறது, எனக்குப் பெரிய பயம் அதுதான். பச்சை மட்டையை வெட்டியதும் கசிகிற சாற்றின் வாடைக்குச் சிவப்புக் கூன்வண்டு தேடி வரும். வெட்டுவாயில் முட்டையிடும். புழு உள்ளே குடைவது வெளியில் தெரியாது. தெரியும்போது கொண்டை சாய்ந்திருக்கும். அதனால்தான் தென்னையில் பச்சை மட்டையை வெட்டியே ஆக வேண்டுமென்றால் தண்டிலிருந்து 120 செ.மீ. விட்டு வெட்டச் சொல்கிறார்கள், நாலடி. புது மட்டை விசிறி போல முக்கோணமாகக் கத்தரிக்கப்பட்டு விரிந்தால் அது காண்டாமிருக வண்டு. தென்னையில் அதற்கு வேப்பங்கொட்டைத் தூள் ஒரு பங்கு, மணல் இரண்டு பங்கு கலந்து மரத்துக்கு 150 கிராம் வீதம் உள்மட்டைகள் மூன்றின் இடுக்கில் போடுவார்கள்.

இவ்வளவையும் நம் பனையேறிகள் எந்தப் புத்தகமும் இல்லாமல் தெரிந்து வைத்திருந்தார்கள். ஓலை எடுப்பார்கள், மட்டை கழிப்பார்கள், எத்தனையை எடுக்கலாம், எதை விட வேண்டும் என்பது அவர்கள் கைக்குத் தெரியும். குருத்தில் கை வைக்க மாட்டார்கள். அந்தக் கை நம் தெருக்களில் இல்லாமல் போனதுதான் நான் வருத்தப்படுவது. வேலைக்கு வந்தவரையும் நான் குறை சொல்லவில்லை. வாசல் பளிச்சென்று இருக்க வேண்டும் என்று அவரிடம் கேட்பது நாம்தான்.

வாசகிக்கு: இரண்டாவது மரத்தைத் தொட விடாதீர்கள். கழித்த மரத்துக்கு இனி ஒரு வருஷத்துக்கு அரிவாளே வேண்டாம். மழைக்கு முன் தூரைச் சுற்றி மட்கிய உரமும் கொஞ்சம் பொட்டாஷும் போட்டு மண்ணோடு கிளறித் தண்ணீர் விடுங்கள். வெட்டுவாய்களை வாரம் ஒருமுறை பாருங்கள். துளையோ, மரத்தூள் போன்ற சக்கையோ, பழுப்புச் சாறோ தெரிந்தால் அன்றைக்கே வேளாண் அலுவலகத்தில் கேளுங்கள். கருகிய மட்டை போனது போனதுதான், அது மறுபடி பச்சையாகாது. இனி வருகிற மட்டைகள் நன்றாக வரும்.

மற்றவர்களுக்கும் அதேதான். முழுசாகக் காய்ந்து பழுத்துத் தொங்கும் மட்டையை எடுங்கள். கரண்டுக் கம்பியில் உரசுகிறதா, நாலடி விட்டு வெட்டுங்கள். பண்டிகைக்குச் சீரியல் விளக்குப் போடுவதானால் ஆணி அடிக்காமல் துணிக்கயிற்றால் தளர்வாகக் கட்டி, முடிந்ததும் அவிழ்த்துவிடுங்கள். தீபாவளிக்கு வாசலைச் சுத்தம் செய்ய ஆள் வரும் நாளில் நீங்கள் வீட்டில் இருங்கள், பக்கத்திலேயே நில்லுங்கள்.