யாருடைய வீடு?

ஜார்ஜியன் வீடு என்றாலே எனக்கு இரண்டு கூட்டத்தாருடன் சண்டை. ஒரு கூட்டம் அதைக் கர்ப்பக்கிருகம் மாதிரிக் கும்பிடுகிறது. மற்றொன்று கடப்பாரையை எடுத்து வா என்கிறது. இரண்டு பேருக்கும் பொதுவாக ஒரு பொய் இருக்கிறது. என் சண்டையெல்லாம் அந்தப் பொய்யோடுதான்.

வீட்டை முதலில் சொல்லிவிடுகிறேன். நான்கு ஜார்ஜ் மன்னர்கள் அடுத்தடுத்து ஆண்ட 1714க்கும் 1830க்கும் இடையில் லண்டன், பாத், டப்ளின் போன்ற நகரங்களில் எழுந்த வரிசை வீடுகள் இவை. பக்கத்து வீட்டுடன் சுவரைப் பங்கு போட்டுக்கொண்டு, தெரு நெடுக ஒரே முகமாக நிற்கும். டப்ளினில் தெருப் பக்கம் வெறும் செங்கல்தான். ஆடம்பரமெல்லாம் உள்ளே, சுண்ணாம்புச் சாந்துப் பூவேலையில். ஆனாலும் ஜன்னல்களைக் கவனித்தால் உள்ளே யார் எங்கே என்று தெரிந்துவிடும். முதல் மாடி ஜன்னல்கள் ஆளைவிட உயரம். அங்கேதான் விருந்தும் உபசாரமும். மேலே போகப் போக ஜன்னல் குறுகும். உச்சியில் சிறுத்துப்போன ஜன்னலுக்குப் பின்னால் வேலைக்காரர்கள் படுத்தார்கள். சமையல், தெரு மட்டத்துக்குக் கீழே நிலவறையில். அழகான கணக்கு என்பார்கள் ரஸிகர்கள். அழகுதான். அது அந்தஸ்துக் கணக்கு என்பதையும் சேர்த்துச் சொன்னால் என்ன?

டப்ளினில் ஹென்ரியெட்டா தெரு என்று ஒரு சிறு தெரு. லூக் கார்டினர் என்பவர் 1720களில் போட ஆரம்பித்தது. அங்கே 14ஆம் எண் வீடு 1740களின் கடைசியில் எழுந்தது. முதலில் குடியேறியவர் மோல்ஸ்வொர்த் பிரபு. இளம் வயதில், 1706இல், ராமிலி போர்க்களத்தில் தளபதி மார்ல்பரோவுக்குத் தன் குதிரையைக் கொடுத்து உயிரைக் காப்பாற்றியவர். 1801இல் அயர்லாந்தின் பார்லிமெண்டை லண்டனோடு சேர்த்துவிட்டார்கள். பார்லிமெண்டு போன ஊரில் பிரபுக்களுக்கு என்ன வேலை? மெள்ள மெள்ள மூட்டை கட்டினார்கள். பிறகு வக்கீல்களும் ராணுவத்தாரும் கொஞ்ச காலம். 1877இல் தாமஸ் வான்ஸ் என்பவர் அந்த ஒற்றை மாளிகையை 19 ஒண்டுக்குடித்தனங்களாகத் தடுத்து வாடகைக்கு விட்டார். 1911 ஜனத்தொகைக் கணக்கில் அந்த ஒரு வீட்டில் 100 பேர். தொப்பி தைக்கிறவர்கள், உடை தைக்கிறவள், மரச் சாமான்களுக்கு மெருகு போடுகிறவர்கள், புத்தகம் பைண்டு செய்கிறவர் ஒருவர். கடைசிக் குடித்தனம் காலி செய்தது 1970களின் முடிவில்.

கூட்டிப் பாருங்கள். பிரபுக்கள் ஆண்டு அனுபவித்தது ஏறக்குறைய ஐம்பது வருஷம். ஒண்டுக்குடித்தனம் நூறு வருஷம்.

ஆனால் ரஸிகர்களின் சரித்திரம் 1801இல் நின்றுவிடும். அதற்கப்புறம் 'சீரழிவு' என்று ஒரு வார்த்தை. பிரபுவின் குதிரைக்காவது ஒரு பாரா கிடைக்கும். தொப்பி தைத்தவளுக்கு அரை வரி கிடையாது. கடப்பாரைக் கட்சியோ, இது அந்நியச் சீமான்களின் சின்னம், போகட்டும் என்றது. 1965இல் அயர்லாந்தின் மின்சார வாரியம் தன் ஆபீசுக்காக லோயர் ஃபிட்ஸ்வில்லியம் தெருவில் வரிசையாகப் பதினாறு வீடுகளை இடித்தது. 1970இல் கெவின் போலண்ட் என்ற மந்திரி, இந்த வீடுகளுக்காகப் பரிந்து வந்தவர்களைப் பிரபுக்கள் கூட்டம் என்று சட்டசபையிலேயே ஏளனம் செய்தார். காப்பாற்று என்கிறவனும் இடி என்கிறவனும் பத்திரத்தை ஒரே பெயரில்தான் எழுதுகிறார்கள். இரண்டு பேருக்குமே அது பிரபுவின் வீடு!

அந்த வீடுகளில் ஜனங்கள் செத்தார்களே என்று கேட்கலாம். செத்தார்கள். 1963 ஜூன் மாதம், ஹென்ரியெட்டா தெரு வந்து சேரும் போல்டன் தெருவில் ஒரு பழைய வீடு சரிந்து வயதான தம்பதி இறந்தார்கள். பத்து நாளைக்கெல்லாம் ஃபீனியன் தெருவில் இன்னொன்று சரிந்து இரண்டு சிறுமிகள். நான் அந்த வறுமைக்குப் பல்லக்குத் தூக்க வரவில்லை. ஓர் அறைக்குள்ளேயே சமைத்து, உறங்கி, பிள்ளை பெற்ற வாழ்க்கையை எவர் திரும்பக் கேட்பார்? ஆனால் மாதா மாதம் வாடகை வாங்கிக்கொண்டு கூரை ஒழுகுவதைப் பார்க்காதவனை விட்டுவிட்டு, செங்கல்லின் மேல் வழக்குப் போடுவது என்ன நியாயம்?

14ஆம் எண் வீட்டை டப்ளின் நகரசபை எடுத்து, வருஷக்கணக்காகப் பழுது பார்த்து, 2018இல் மியூசியமாகத் திறந்தது. ஒண்டுக்குடித்தன காலத்துச் செங்காவியையும் ரெக்கிட் நீலத்தையும் படிக்கட்டுச் சுவரிலிருந்து சுரண்டாமல் வைத்திருக்கிறார்கள். ரெக்கிட் நீலம் நமக்கும் தெரிந்த சரக்குதான். வேஷ்டிக்குப் போட்ட ராபின் நீலம் அதே கம்பெனியுடையது. கட்டடக் கலை படித்த என் நண்பர் ஒருவருக்கு இதில் வருத்தம். சுரண்டிவிட்டு 1740களின் வர்ணத்தைக் கொண்டு வந்திருக்கலாமே என்றார்.

"கொண்டு வரலாம். வீட்டின் வயது ஐம்பதாகக் குறைந்துவிடும்" என்றேன்.

"அது மலிவுச் சாயம், ஐயா."

மலிவுதான். பிரபு பூசினால் சரித்திரம், குடித்தனக்காரர் காலத்தில் பூசினால் அழுக்கு என்று எந்த சாஸ்திரத்தில் எழுதியிருக்கிறது என்று கேட்டேன். அவர் காபியை ஆற்ற ஆரம்பித்தார்.