கண்ணாடி அதேதான், கண்ணு புதுசு

ஃபைனல் இயர் ப்ராஜெக்ட்னா எல்லாமே புதுசா செஞ்சாதான் மதிப்புன்னு நினைக்கிறீங்களா? ஹவாய் தீவின் மௌனா கியா மலை உச்சியில் இருக்கும் கெக் தொலைநோக்கியைப் பாருங்க.

அதன் 10 மீட்டர் கண்ணாடி சேர்க்கும் நட்சத்திர ஒளியை நிறம் நிறமாகப் பிரிப்பது ஹைரெஸ் என்ற ஸ்பெக்ட்ரோகிராஃப். 1993-ல் வந்தது. 2004-ல் அதன் ஒற்றை சிசிடி டிடெக்டரைக் கழற்றிவிட்டு, மூன்று புது சிசிடிகளைப் பொருத்தினார்கள். பிக்சல் அளவு 24 மைக்ரானிலிருந்து 15 ஆனது. கோள் இழுப்பதால் நட்சத்திரம் லேசாக ஆடும். அந்த வேகத்தை நொடிக்குச் சுமார் 3 மீட்டர் துல்லியத்தில் அளந்த கருவி, 1 மீட்டரை நெருங்கியது. கண்ணாடியில் யாரும் கை வைக்கல.

சிக்கலும் உண்டு. பழைய அளவுகளையும் புது அளவுகளையும் அப்படியே சேர்க்க முடியாது. இரண்டு தனிக் கருவிகள் மாதிரி பாவித்து, நடுவில் வரும் வித்தியாசத்தைக் கணக்கிடணும். அதுவும் இன்ஜினியரிங்தான்.

சீனியர்கள் விட்டுட்டுப் போன ப்ராஜெக்ட்கள் லேப் அலமாரியில் தூங்குது. சிலதுக்கு ஒரு நல்ல சென்சார் போதும். "இதுல புதுசா என்ன?"ன்னு ரிவ்யூல கேட்டா, முன்னாடி எவ்வளவு, இப்ப எவ்வளவுன்னு அளந்து காட்டுங்க.