ஜப்தி வந்தால் எந்தக் கதவைத் தட்டுவது?

விவசாய நண்பர்களே, வீட்டு வாசலில் அமீனா வந்து நின்றால் முதலில் கேட்க வேண்டியது "பாக்கி எவ்வளவு?" என்பதல்ல. "இது யார் உத்தரவு? எந்தச் சட்டப்படி?" என்பதுதான். போகிற வழி தவறினால், நியாயம் நம் பக்கம் இருந்தும் நிலம் ஏலத்தில் போய்விடும்.

புதுச்சேரியில் பிரெஞ்சுக்காரர் காலத்து ஜப்தி முறை வேறு. இந்திய சிவில் நடைமுறைச் சட்டம் இங்கு நீட்டிக்கப்பட்டது 1968-ம் ஆண்டுச் சட்டத்தினால்தான். ஆகவே தாத்தா காலத்து யோசனை இன்று உதவாது.

நீதிமன்ற டிக்கிரிப்படி ஜப்தி வந்தால், கடன்காரர் புது வழக்குப் போடக் கூடாது. டிக்கிரியை நிறைவேற்றும் அதே நீதிமன்றத்தில் 47-வது பிரிவின்படி மனுச் செய்ய வேண்டும். பிழைப்புக்குத் தேவை என்று நீதிமன்றம் கருதும் உழவு மாடு, ஏர்க் கருவி, விதை தானியம், விவசாயி குடியிருக்கும் சொந்த வீடு ஆகியவற்றுக்கு 60-வது பிரிவு விலக்கு அளிக்கிறது. "இந்த விலக்கு எனக்கு வேண்டாம்" என்று முன்பே எழுதிக் கொடுத்திருந்தாலும் அது செல்லாது.

தம்பி கடனுக்கு அண்ணன் நிலத்தை ஜப்தி செய்தால்? அண்ணன் 21-வது கட்டளை, 58-வது விதிப்படி அதே நீதிமன்றத்தில் உரிமை கோர வேண்டும். ஏலம் முடிந்தபின் இந்த மனு எடுபடாது. ஏலம் நடந்துவிட்டால் 60 நாளுக்குள் பணம் கட்டி மீட்கலாம். மோசடியோ பெரிய முறைகேடோ நடந்து நஷ்டம் ஏற்பட்டிருந்தால் ஏலத்தை ரத்து செய்யக் கோரலாம்.

பாங்கி தானே 2002-ம் ஆண்டுச் சட்டப்படி சொத்தைக் கைப்பற்றினால் கதவு வேறு. சிவில் நீதிமன்றம் அதில் தலையிடாது. 45 நாளுக்குள் கடன் வசூல் தீர்ப்பாயத்துக்குப் போக வேண்டும். விவசாய நிலத்துக்கு அச்சட்டத்தில் விலக்கு உண்டு. ஆனால் அது சாகுபடி நிலம் என்று நிரூபிக்க வேண்டியவர் கடன் வாங்கியவரே என்று 2023-ல் உச்ச நீதிமன்றம் கூறிவிட்டது. பட்டாவும் சாகுபடிச் சான்றும் கையில் இருக்கட்டும். விலக்குக் கிடைத்தாலும் கடன் தீர்ந்ததாகாது. பாங்கி வேறு வழியில் வசூலிக்கலாம்.

வாங்கிய கடனைக் கட்டத்தான் வேண்டும். அதில் இரண்டு பேச்சில்லை. ஆனால் உழவு மாட்டையும் விதை நெல்லையும் கொண்டுபோய்விட்டால் விவசாயி எதை வைத்துக் கட்டுவான்? சட்டம் கொடுத்த பாதுகாப்பு, எந்தக் கதவு என்று தெரியாத காரணத்தால் வீணாகக் கூடாது. ஒவ்வொரு ஜப்தி நோட்டீசிலும் "ஆட்சேபம் இருந்தால் இந்த இடத்தில், இத்தனை நாளுக்குள்" என்று தெளிவான தமிழில் அச்சிட அரசும் நீதிமன்றங்களும் முன்வர வேண்டும். இரண்டு வரிதான், ஒரு குடும்பத்தின் நிலம் தப்பும்.

அதுவரை, நோட்டீசை எரவாணத்தில் செருகி வைக்காதீர்கள். வந்த தேதியை அதன்மேல் குறித்துக்கொண்டு, மறுநாளே வக்கீலையோ இலவச சட்ட உதவி மையத்தையோ அணுகுங்கள். நாள் கடந்தால் நியாயமும் கடந்துவிடும்.