வழைச்சு நீங்காத சுவைக்குறிப்புகள்

இலக்கிய நண்பர்கள் நடுவே சில காலமாக ஒரு புதிய எழுத்து வகை பெருகி வருகிறது. வீட்டு அலமாரியில் நான்கைந்து சிங்கிள் மால்ட் புட்டிகளை வரிசையாக வைத்து, ஒவ்வொன்றிலும் சிறிது ஊற்றிச் சுவைத்து, நிறம் இன்னது, மணம் இன்னது, நாவில் பட்டபோது இன்னது, விழுங்கிய பின் தொண்டையில் நின்றது இன்னது என்று பகுத்தெழுதி, கடைசியில் நூற்றுக்கு 87 என்று மதிப்பெண் வழங்கும் குறிப்புகள். ஒரு சிறுகதைத் தொகுப்புக்கு மதிப்புரை கேட்டால் ஆறு மாதம் இழுத்தடிக்கிறவர்கள்கூட இதில் காட்டும் சுறுசுறுப்பு வியப்புக்குரியது. அவர்கள் குடிப்பதைப் பற்றி நமக்கு முறையீடு ஏதும் இல்லை. அது அவரவர் ஈரல், அவரவர் காசு. நம் முறையீடு மொழியைப் பற்றியது. தமிழில் எழுதப்படும் இக்குறிப்புகளில் தமிழ் நாக்கு இல்லை.

ஹெதர் பூவின் மணம், ஈரக் கம்பளியின் வாடை, கிறிஸ்துமஸ் கேக், கரையொதுங்கிய கடற்பாசி, பீட் புகை. இவற்றில் எத்தனையை நம் நண்பர்கள் முகர்ந்திருக்கிறார்கள்? விடைத்தாள் திருத்தும் தொழிலில் இருப்பவர்களுக்கு எது படித்து எழுதியது, எது பார்த்து எழுதியது என்பது இரண்டாவது வரியிலேயே தெரிந்துவிடும். பீட் என்பது சதுப்பு நிலத்தில் செடிகொடிகள் பாதி மக்கிப் படிந்து உண்டான கரிய மண்கட்டி. மரம் அரிதான ஸ்காட்லாந்துத் தீவுகளில் அதை வெட்டிக் காயவைத்து அடுப்பெரித்தார்கள். முளைகட்டிய பார்லியையும் அந்த நெருப்பிலேயே உலர்த்தினார்கள். புகை தானியத்தில் ஏறியது, அங்கிருந்து விஸ்கியில் ஏறியது. ஐலா தீவுக்காரன் தன் குறிப்பில் பீட் என்று எழுதும்போது தன் பாட்டி வீட்டு அடுப்பைத்தான் எழுதுகிறான். நம் பாட்டிமார் எரித்தது பருத்திமார். கரிசல் வீடுகளில் பருத்திமார் குபீரென்று பற்றி, சடசடத்து, கண்ணைக் கரிக்கும் புகையை எழுப்பும். விளாத்திகுளம் பக்கம் சீமைக்கருவேல மூட்டத்திலிருந்து வரும் கரிப்புகை வேறொரு வகை. கனத்தது, இனிப்பு கலந்தது, துணியில் ஒட்டிக்கொண்டால் இரண்டு நாள் போகாது. ஐலா விஸ்கியைக் குடித்த கரிசல்காட்டுக்காரர் ஒருவர்கூட இவற்றை நினைத்துக்கொள்ளவில்லை என்றால், ஒன்று மூக்கு பழுது, அல்லது எழுதுவது வேறு யாரோ.

இன்னும் வேடிக்கையான ஒன்று உண்டு. மேலை நாட்டு விமர்சகர்களின் அகராதியில் ‘உரசிய தீக்குச்சி’ என்பது நிலைபெற்ற ஒரு கலைச்சொல். ஷெர்ரி மதுவைத் தாங்கிய மரப்பீப்பாய்கள் கெட்டுப்போகாதிருக்க உள்ளே கந்தகத் திரியைக் கொளுத்துவார்கள். அந்தக் கந்தகம் மரத்தில் தங்கி, பின்னால் அதில் ஊறும் விஸ்கியில் தலைகாட்டும். குறை என்று அதற்கு மதிப்பெண்ணைக் குறைக்கிறவர்கள் உண்டு. அதையே ரசிப்பவர்களும் உண்டு. உலகில் இந்த மணத்தைப் பற்றித் தீர்ப்புச் சொல்லத் தகுதியுள்ள ஊர் ஒன்று இருக்குமானால் அது கோவில்பட்டிதான். மருந்து கலக்கும் நெடி, மெழுகு வாசம், பெட்டியின் பக்கவாட்டில் பூசும் கலவையின் வாடை, உரசியவுடன் வருவது, அணைந்தபின் நிற்பது என்று ஐந்தாறாகப் பிரித்துச் சொல்லக்கூடிய பெண்கள் இங்கே தெருவுக்குத் தெரு இருக்கிறார்கள். நம் சுவைஞரோ இணையத்தில் படித்த அதே சொல்லை, ‘ஸ்ட்ரக் மேட்ச்’ என்று தமிழ் எழுத்தில் எழுதிவிட்டுக் கடந்து போகிறார்.

தமிழில் சொற்கள் இல்லையே என்பார்கள். இந்தப் பதில்தான் நம்மைச் சினங்கொள்ள வைக்கிறது. மணம், வாசம், வாடை, நெடி, வீச்சம், கவிச்சி, மொச்சை, சிக்கு, மக்கல், ஊசல், காந்தல், கமறல். இவை ஒன்றுக்கொன்று மாற்றாக வரக்கூடியவை அல்ல. எண்ணெய் பழசானால் சிக்கு. சோறு அடிப்பிடித்தால் காந்தல். மிளகாய் வற்றலின் நெடி தொண்டையில் இறங்கினால் கமறல். இடைசெவலில் பிறந்த கி.ராஜநாராயணன் கரிசல் வட்டாரச் சொற்களைத் திரட்டித் தனி அகராதியே செய்தார். பூமணி, சோ.தர்மன் என்று இம்மண்ணின் எழுத்தாளர்கள் சொற்களைக் காட்டிலிருந்தும் களத்திலிருந்தும் அள்ளி வந்தார்கள். அவர்களை மேடைதோறும் புகழ்கிறவர்கள், கையில் கண்ணாடிக் கோப்பை வந்ததும் ‘மென்மையான நறுமணம்’ என்னும் ஊதுபத்தி விளம்பரத் தமிழுக்குப் போய்விடுகிறார்கள்.

பழந்தமிழுக்குப் போனால் நிலைமை இன்னும் வெட்கக்கேடானது. கள், நறவு, தேறல், மட்டு, பிழி, தோப்பி, அரியல் என்று சங்கப் பாடல்களில் வரும் பெயர்கள் நமக்குத் தெரியும். தேர்வுக்காக மனப்பாடம் செய்திருக்கிறோம். ஆனால் அவற்றைச் சுவைக்குறிப்புகளாக யாரும் வாசிப்பதில்லை. ஔவையாரின் புறப்பாடல் ஒன்று நாள்பட்ட தேறலின் வேகத்தைத் தேள் கொட்டுக்கு ஒப்பிடுகிறது. சிறுபாணாற்றுப்படை அதையே சீறும் பாம்புக்கு ஒப்பிடுகிறது. முன்னது சுருக்கென்று ஓரிடத்தில் பாய்ந்து பிறகு கடுத்துப் பரவுவது; பின்னது தலைக்கு ஏறிப் பொங்குவது. இரண்டும் இருவேறு முடிவுச்சுவைகள் என்பது நம் வாசிப்பு. சேமிப்பு முறையும் அங்கே உண்டு. கபிலர் பாரியின் நாட்டைப் பாடும்போது மண்ணில் புதைத்து முதிரவைத்த தேறலைச் சொல்கிறார். திருமுருகாற்றுப்படையின் குறவர்கள் தேனால் ஆன கள்ளை நீண்ட மூங்கில் குழாயில் விளையவைக்கிறார்கள். ஓக் பீப்பாயின் மகிமையை முந்நூறு சொற்களில் எழுதும் நண்பர் மூங்கிலுக்கு ஒரு சொல்லாவது ஒதுக்கியிருக்கலாம்.

வீட்டில் வடிப்பதற்கான செய்முறை பெரும்பாணாற்றுப்படையிலேயே இருக்கிறது. குற்றாத அரிசியைக் களியாகக் கிண்டி, அகன்ற தட்டில் ஆறவைத்து, புற்றின் உட்கூட்டைப் போன்ற தோற்றமுடைய ஓர் அடையை அதில் கலந்து, இரண்டு பகலும் இரண்டு இரவும் கழியவிட்டு, உறுதியான வாயுடைய சாடியில் விளைவித்து, விரலால் அலைத்து வடிக்க வேண்டும். அந்த அடையை முளையடை என்று கொள்வோர் உண்டு. அப்படியானால் மால்ட் என்பதும் அதுவே. அவ்விடத்தில் உருத்திரங்கண்ணனார் ஒரு சொல்லை ஆள்கிறார்: வழைச்சு. இளங்கள்ளின் பச்சைத்தன்மை. அது அறும்வரை சாடியில் இருக்க வேண்டும் என்பது கணக்கு. ஸ்காட்லாந்துச் சட்டம் புதிதாக வடித்த சாராயத்தைக் குறைந்தது 3 ஆண்டுகள் ஓக் பீப்பாயில் வைத்த பிறகே விஸ்கி என்று அழைக்க இடம் தருவதும் இந்த வழைச்சு நீங்கத்தான். ‘நியூ மேக்’ என்று ஆங்கிலத்தில் தத்தளிப்பதற்கு மாறாக, இந்த ஒரு சொல்லையாவது எடுத்து ஆண்டிருக்கலாம்.

வீட்டில் பாதுகாக்கும் முறை பற்றி இவர்கள் எழுதுவதும் பெயர்த்தெடுத்ததே. ‘அறை வெப்பத்தில் வைக்கவும்’ என்கிறார்கள். யாருடைய அறை? எடின்பரோ அறையும், அக்னி நட்சத்திரத்தில் கோவில்பட்டி மொட்டைமாடிக்குக் கீழே உள்ள அறையும் ஒன்றா? புட்டிக்குள் விஸ்கி முதிர்வதில்லை. 12 ஆண்டுச் சரக்கு 20 ஆண்டு அலமாரியில் இருந்தாலும் 12 ஆண்டுச் சரக்குதான். ஆனால் கெடும். வெயிலும் வெப்பமும் பட்டால் மணம் வெளிறும். ஒயினைப் போலப் படுக்கவைத்தால் கடுமையான சாராயம் தக்கையை அரித்துவிடும். பாதிக்கு மேல் காலியான புட்டியில் காற்று வேலை செய்யும். சிறு புட்டிக்கு மாற்றிவிடுவது நல்லது. கம்பும் விதைப்பருத்தியும் காத்த தடித்த மண்சுவர் உள்ளறையில், குலுக்கைக்குப் பக்கத்தில், நிற்கவைப்பதே இவ்வூருக்கு ஏற்ற முறை. அத்தகைய வீடுகளை இடித்துவிட்டோம் என்பது வேறு கதை. சில துளி நீர் விட்டால் மணம் விரியும் என்பது சரி. எந்த நீர்? உப்புத்தண்ணி, நல்லதண்ணி என்று நீரை இரண்டாகப் பிரித்து வாழும் ஊரில் இதைச் சொல்லாத குறிப்பு எதற்கு?

வெப்பத்தைப் பற்றிப் பேச்சு வந்ததால் ஒன்று. பீப்பாயிலிருந்து ஆண்டுதோறும் ஆவியாகிப் போகும் பங்கு ஸ்காட்லாந்தில் சுமார் 2 விழுக்காடு; பெங்களூரில் 10 விழுக்காட்டுக்கும் மேல். ஆகவே அங்கே 12 ஆண்டுகளில் வரும் முதிர்ச்சி இங்கே நான்கைந்து ஆண்டுகளில் வந்துவிடுகிறது. பெங்களூரின் அம்ருத் நிறுவனம் தன் சிங்கிள் மால்ட்டை 2004இல் கிளாஸ்கோவில்தான் அறிமுகப்படுத்தியது. ஜிம் முர்ரே தம் 2010ஆம் ஆண்டு நூலில் அம்ருத் ஃப்யூஷனுக்கு உலகின் மூன்றாம் இடம் அளித்த பிறகே நம்மவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். வெள்ளைக்காரர் மதிப்பெண் போடாமல் நமக்குச் சுவை தெரிவதில்லை.

இந்தச் சொற்கள் ஏன் நாவைவிட்டு அகன்றன என்பதை இவர்கள் ஒருவரும் கேட்பதில்லை. சுவைச்சொல் வாழ வேண்டுமானால் பொருள் பக்கத்தில் விளைய வேண்டும். இந்த மரத்துடையது, அந்த மரத்துடையது என்று ஒப்பிட்டுப் பேச வேண்டும். அலகுப்பனைக் கள், பருவப்பனைக் கள், ஒருமரத்துக் கள், காலையில் இறக்கியதன் இனிப்பு, உச்சிப்பொழுதின் கடுப்பு, மாலையின் புளிப்பு என்று பிரித்தறிந்த நாக்குகள் இங்கே இருந்தன. 1937இல் இராஜாஜி சேலம் மாவட்டத்தில் தொடங்கிய மதுவிலக்கு, 1971இல் தளர்ந்து, சில ஆண்டுகளில் மறுபடி இறுகி, 1981இல் மீண்டும் திறந்து, 1987இல் கள்ளுக்கடைகளை மூடியதோடு ஒரு முடிவுக்கு வந்தது. மூடப்பட்டவை கள்ளுக்கடைகளும் சாராயக்கடைகளும் மட்டும். 1983இல் தொடங்கிய டாஸ்மாக் 2003இல் சில்லறை விற்பனையையும் முழுதாக எடுத்துக்கொண்டது. 2023-24இல் அதன் மூலம் அரசுக்கு வந்த வருவாய் 45,000 கோடி ரூபாயைத் தாண்டியது. அங்கே விஸ்கி என்ற பெயரில் விற்பதில் பெரும்பகுதி கரும்பாலைக் கழிவுப்பாகிலிருந்தோ தானியத்திலிருந்தோ வடித்த வெறும் சாராயத்தில் நிறமும் மணமும் சேர்த்தது. கழிவுப்பாகுச் சாராயத்தை விஸ்கி என்று விற்க ஐரோப்பிய ஒன்றியம் அனுமதிப்பதில்லை. 42.8 விழுக்காடு சாராயத்தை நின்ற நிலையில், பாக்கெட் தண்ணீரோடு, ஒரே மூச்சில் விழுங்குகிறவனிடம் என்ன சுவைச்சொல் பிறக்கும்?

இதே தமிழ் பேசும் யாழ்ப்பாணத்தில் தவறணை இன்றும் இருக்கிறது. கூட்டுறவுச் சங்கம் இருக்கிறது. புட்டியில் அடைத்த பனங்கள் இருக்கிறது. கேரளத்தில் கள்ளுக்கடை உணவுக்கே பெயர் பெற்றது. இங்கே பனை மாநில மரம். 2021 முதல் அதை வெட்ட ஆட்சியர் அனுமதி வேண்டும். ஆனால் சுண்ணாம்பு தடவாத ஒரு கலயத்தை அதே மரத்தில் கட்டினால் வழக்கு. சிங்கிள் மால்ட் அலமாரி பண்பாடாகிறது, கலயம் குற்றமாகிறது. இரண்டுக்கும் நடுவே இருப்பது சாராயத்தின் அளவு என்று நினைத்தால் தவறு. கள்ளில் அது விஸ்கியின் எட்டில் ஒரு பங்கு அளவுக்குத்தான் இருக்கும். நடுவே இருப்பது ஏறுகிறவனின் சாதியும் வாங்குகிறவனின் சம்பளமும்.

குடியால் அழிந்த குடும்பங்களைக் காட்டி நம்மை மறுப்பார்கள். மறுக்கட்டும். டாஸ்மாக் கடைமுன் அமர்ந்து போராடிய பெண்களோடு நமக்கு வாதம் இல்லை. 2015இல் அந்தப் போராட்டத்திலேயே உயிர்விட்ட சசிபெருமாளிடமும் இல்லை. எல்லாவற்றையும் மூடு என்பது நேர்மையான நிலைப்பாடு. வள்ளுவரும் ஓர் அதிகாரம் முழுக்க அதைத்தான் சொன்னார். கள்ளில் போதைமருந்து கலந்தார்களே என்பதும் பொய்யில்லை. ஆனால் 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் அறுபதுக்கும் மேற்பட்டோரைக் கொன்றது மெத்தனால் கலந்த சாராயம். கள்ளை மூடி 37 ஆண்டுகள் ஆன பிறகு நடந்தது அது. நம் கேள்வி மதுவிலக்காளர்களுக்கு இல்லை. 9,000 ரூபாய்ப் புட்டியைப் பற்றி 900 சொல் எழுதிவிட்டு, கலயத்தைப் பற்றி ஒரு சொல்லும் எழுதாத சுவைஞர்களுக்குத்தான்.

சுவைத்து, தரம் சொல்லி, சேமிக்கும் கலை முற்றிலும் போய்விடவும் இல்லை. கருப்பட்டி வாங்கும் பெண்களிடம் அது இருக்கிறது. வேம்பார்க் கருப்பட்டியா உடன்குடிக் கருப்பட்டியா என்று கேட்டு, உடைத்துப் பார்த்து, ஒரு சில்லை நாவில் கரைத்து, சீனி கலந்திருக்கிறது, சுண்ணாம்பு ஏறியிருக்கிறது, பாகு காந்தியிருக்கிறது என்று மூன்று வாக்கியங்களில் தள்ளிவிடுகிறார்கள். மழைக்காலத்தில் கசியாமலிருக்க ஓலைப்பெட்டியில் வைத்து அடுப்புப் புகை படும் பரணில் ஏற்றுகிறார்கள். நாளாக நாளாக அதில் புகை இறங்குகிறது. ஐலா நண்பர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

அடுத்த குறிப்பை எழுத உட்காரும் நண்பர், புட்டியைத் திறக்கும் முன் விளாத்திகுளத்துக்குக் கிழக்கே ஒருமுறை போய்வரட்டும். கள் கிடைக்காது, கேட்கவும் வேண்டாம். பதநீர் கிடைக்கும். ஒரே விடிலியில் மூன்று மரத்துப் பதநீரைத் தனித்தனியாக வாங்கிக் குடித்து, வேறுபாட்டை இவ்வூர்ச் சொற்களில் எழுதட்டும். நூற்றுக்கு மதிப்பெண்ணும் போடட்டும். பங்குனியில் போனால் நல்லது. வெயில் ஏறுவதற்குள் கலயம் இறங்கிவிடும், ஆகவே முதல் பேருந்தைப் பிடிக்க வேண்டியிருக்கும்.