பிடியைப் பிடித்திருந்த கை

மோரோ வாள் என்று கேள்விப்பட்டிருக்கிறீர்களா? பிலிப்பைன்ஸின் தெற்கே மிண்டனாவோ, சூலு தீவுகளில் வாழும் முஸ்லிம்களுக்கு ஸ்பானியர்கள் வைத்த பெயர் மோரோ. ஸ்பெயினுக்கே முந்நூறு வருஷம் தண்ணி காட்டியவர்கள். அவர்களுடைய வாள்கள் இன்று அமெரிக்காவில் பல வீட்டுச் சுவர்களில் தொங்குகின்றன.

சேகரிப்பாளர்கள் லேசுப்பட்ட ஆட்கள் இல்லை. முனைப் பக்கம் அகன்று, பிடி வாயைப் பிளந்த மாதிரி இருந்தால் கம்பிலான். இலை வடிவம், ஒரு பக்கம் மட்டும் கூர் என்றால் பாரோங். இரண்டு பக்கமும் கூராக, நேராகவோ நெளிந்தோ இருந்தால் கிரிஸ். அந்தக் கிரிஸ்ஸின் அடியில், பிடியை ஒட்டி கங்யா என்று ஒரு பகுதி. அது தனித் துண்டாகப் பொருத்தப்பட்டிருந்தால் பழசு. ஒரே இரும்பில், இணைப்பு மாதிரி ஒரு கோடு மட்டும் கீறியிருந்தால் பெரும்பாலும் பின்னால் வந்தது. பூதக்கண்ணாடி வைத்து அக்குவேறு ஆணிவேறாக அலசிவிடுவார்கள்.

ஒரே ஒரு கேள்வியைத்தான் வசதியாக மறந்துவிடுகிறார்கள். இது இங்கே எப்படிங்க வந்தது?

1906 மார்ச். ஹோலோ தீவில் புட் டாஹோ எரிமலையின் வாய்க்குள் தஞ்சம் புகுந்திருந்த மோரோக்களை ஜெனரல் லியோனார்ட் வுட்டின் அமெரிக்கப் படை பீரங்கியோடு சூழ்ந்தது. பெண்கள், குழந்தைகள் உட்பட நூற்றுக்கணக்கானவர்கள் செத்தார்கள். பிணக்குவியலுக்குப் பின்னால் சிப்பாய்கள் நின்று எடுத்துக்கொண்ட போட்டோ இன்றும் இருக்கிறது. 1911-ல் ஜெனரல் பெர்ஷிங், ஆயுதங்களை ஒப்படைக்கச் சொல்லி உத்தரவு போட்டார். எதிர்த்தவர்கள் 1913-ல் புட் பக்சாக் மலையில் செத்தார்கள். ஊர் திரும்பிய சிப்பாய்களின் பெட்டிகளில், ஞாபகார்த்தமாக வாள்கள்!

காசு கொடுத்து வாங்கியதும் உண்டு, பரிசாக வந்ததும் உண்டு. சரி, அப்படியென்றால் அதை எழுதி வைப்பதில் என்ன கஷ்டம்? பி.காம் முதல் வருஷப் பாடம் இது: ஒரு பக்கம் பற்று எழுதினால் மறுபக்கம் வரவு எழுதியாக வேண்டும். உங்களிடம் ஒரு பொருள் வந்திருக்கிறது என்றால், யாரிடமிருந்தோ போயிருக்கிறது. ஒற்றைப் பக்கக் கணக்கை எந்த ஆடிட்டர் ஒப்புக்கொள்வார்?

நூறு வருஷப் பழங்கதையை ஏன் கிளற வேண்டும் என்கிறீர்களா? அதே பிலிப்பைன்ஸில், சமார் தீவின் பாலங்கிகா சர்ச்சிலிருந்து 1901-ல் அமெரிக்க ராணுவம் எடுத்துப்போன மூன்று மணிகள், 2018 டிசம்பரில் ஊர் திரும்பின. எங்கிருந்து எடுத்தது என்று தெரிந்திருந்ததால்தான் திருப்பிக் கேட்க முடிந்தது. வாளுக்கு அந்த முகவரியே இல்லையே!

எல்லா வாளையும் நாளைக்கே கப்பலேற்றச் சொல்லவில்லை. சீட்டில் இன்னும் ஒரு வரி போதும். யாரிடமிருந்து, எந்த வருஷம், எப்படி. தெரியாவிட்டால் 'தெரியாது' என்றாவது எழுதுங்க. நீங்களும் அடுத்த முறை மியூசியத்துக்குப் போனால், வாளைப் பார்ப்பதற்கு முன்னால் அந்த ஒரு வரியைத் தேடுங்கள். பிடி தந்தமா, மரமா என்று கண்டுபிடிக்கத் தெரிந்தவர்களுக்கு, அதைப் பிடித்திருந்த கை என்ன ஆச்சுன்னு கேட்கத் தெரியாதா?