முழுகிய ஊரின் வாரிசுகள்

அமெரிக்காவில் ஏதோ ஓர் ஏரிக்கரைக்கு வண்டி கட்டிக்கொண்டு வந்து, மரம் வெட்டிக் குடிசை போட்டவர்களை 'முன்னோடிகள்' என்று அந்த நாட்டார் கொண்டாடுகிறார்கள். அதற்கு முன்பே அங்கே குடியிருந்தவர்களை மறந்துவிட்டுக் கொண்டாடுகிறார்கள் என்பது வேறு விஷயம். நம்மிடமும் ஏரிக்கரை முன்னோடிகள் உண்டு. அவர்களுக்கு நாம் சூட்டியிருக்கும் பட்டம், 'ஆக்கிரமிப்பாளர்!'

தர்மபுரி மாவட்டத்தில், பென்னாகரத்துக்குத் தெற்கே நாகமரை, ஒட்டனூர்ப் பக்கத்தைச் சொல்கிறேன். எதிரே சமுத்திரம்போல் கிடப்பது மேட்டூர் நீர்த்தேக்கம். 1925-ல் தொடங்கி 1934-ல் முடிந்த அணை. 120 அடி நீர்மட்டம், 93.47 டி.எம்.சி. கொள்ளளவு. இந்தக் கணக்கெல்லாம் நமக்கு மனப்பாடம். நாயம்பாடி, சாம்பள்ளி முதலிய ஊர்கள் அந்த நீருக்குள் போன கதை நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்?

முழுகிய ஊர்க்காரர்கள் சட்டி பானையோடு மேட்டுக்கு ஏறினார்கள். ஆற்றோர வண்டலில் உழுத கைகள் கல்லையும் முள்ளையும் கொத்தின. வலையும் பரிசலும் பழகினார்கள். பிற்பாடு மீன் பிடிக்க வந்து தங்கியவர்களும் உண்டு, இல்லையென்று சொல்லவில்லை. தண்ணீர் வற்றும் மாதங்களில், பாட்டன் நிலம் சேறாக வெளியே தலைகாட்டும்போது, பேரன் இறங்கி எள்ளும் சோளமும் விதைக்கிறான். காவிரி சீக்கிரம் பெருகிவிட்டால் விதைத்ததும் போச்சு! கேட்கவும் முடியாது, கையில் பட்டா இல்லையே.

தஞ்சாவூர் நண்பர் ஒருவரிடம் இதைச் சொன்னேன். ஜூன் 12 நெருங்கினால் அணை திறக்குமா என்று பத்திரிகையைப் புரட்டிக்கொண்டிருப்பவர் அவர்.

"ஊருக்கு நன்மை என்றால் நாலு குடும்பம் ஒதுங்கத்தானே வேண்டும், சார்?" என்றார்.

ஒதுங்கியாகிவிட்டதே, ஸ்வாமி! அணையே வேண்டாமென்றா நான் சொன்னேன்? அவருடைய குறுவையும் விளையட்டும். ஒதுங்கியவனின் பேரனைத் திருடன் மாதிரிப் பார்க்காதீர்கள் என்பதே என் கட்சி.

நீர் இறங்கினால் எதிர்க்கரைப் பண்ணவாடியில் பழைய கோயில் நந்தி வெளியே தெரிகிறது. உடனே காமிராவும் கையுமாக ஓடுகிறோம். கல் நந்தி முழுகியதற்கு 'அடடா!' என்கிறோம். பக்கத்திலேயே ஏர் பிடிக்கும் மனிதன் நம் கண்ணில் படுவதில்லை.

நீர்த்தேக்கத்துக்கு ஸ்டான்லி என்ற கவர்னரின் பெயர் இருக்கிறது, இருக்கட்டும். கரையில் ஒரு கல் நட்டு, முழுகிய ஊர்களின் பெயர்களையும் பொறியுங்கள். அதைவிட முக்கியம், தண்ணீர் வற்றும்போது அந்த மண்ணை உழுவதற்கு முதல் பாத்தியதை அந்த ஊர்களின் வாரிசுகளுக்கே என்று எழுத்தில் கொடுங்கள். சர்க்காருக்கு இதனால் ஒரு சொட்டுத் தண்ணீரும் குறையாது.