கம்பத்தில் எத்தனை எழுத்து?

'கம்பம்' என்ற ஊர்ப்பெயரில் எத்தனை எழுத்து? பள்ளிக்கூடப் பிள்ளை யோசிக்காமல் நான்கு என்று சொல்லும். யூனிகோடு குறிகளை அப்படியே எண்ணும் நிரலோ ஆறு என்கிறது. இரண்டு புள்ளிகளையும் அது தனியாகக் கணக்கில் சேர்த்துவிடுகிறது. 'தேனி'யும் அதற்கு இரண்டல்ல, நான்கு.

சொல்திருத்தி, ஒலிபெயர்ப்பு, அகராதித் தேடல் எல்லாவற்றுக்கும் எழுத்தைச் சரியாகப் பிரிக்கும் நிரல் வேண்டும். ஆளுக்கொன்று எழுதிக்கொண்டால், ஓரிடத்தில் திருத்திய பிழை மற்ற இடங்களில் அப்படியே கிடக்கும். பைத்தான் மொழிக்கான திறமூல நூலகமான ஓப்பன்-தமிழில் இந்த வேலை அடித்தளத்திலேயே இருக்கிறது. அதுதான் சரியான இடம்.

அதற்காக 'பொது' என்று பெயர் வைத்துக் கண்டதையெல்லாம் கொட்டக் கூடாது. எழுத்தை எண்ண வந்தவர் அகராதியையும் சுமக்க நேரும்.

அளவுக்கு மீறித் துண்டாக்குவதும் ஆபத்தே. 2016 மார்ச்சில் 'லெஃப்ட்-பேட்' என்ற 11 வரி நிரலை எழுதியவர் ஜாவாஸ்கிரிப்ட் நிரல்களுக்கான என்பிஎம் களஞ்சியத்திலிருந்து அதை நீக்க, அதைச் சார்ந்திருந்த மென்பொருள்களைக் கட்டும் பணி உலகெங்கும் முறிந்தது.

எது பொது, எது தனி என்று பிரிப்பது கம்பம் பள்ளத்தாக்குக்குப் புதிதல்ல. 1895 முதல் பெரியாற்றுத் தண்ணீர் வருகிறது; தேக்கடித் தலைமதகு பொது, வயல் மடை அவரவருடையது.

நிரலிலும் அப்படித்தான்: ஒரு துண்டு இரண்டு நூலகங்களுக்கு மட்டும் தேவையென்றால் நகலே போதும். மூன்றாவதும் கேட்டால், பராமரிக்க ஆளும் சோதனைகளும் வைத்து அடித்தளத்துக்கு மாற்றலாம். முதல் சோதனைக்குச் 'சின்னமனூர்' பொருத்தம்: எழுத்து 6, குறிகள் 10.